திருவாதிரைக்கு உத்தரவு: நந்தனார் சரித்திரமும் அதன் திரை வடிவங்களும்

மார்கழித் திங்கள் பிறந்ததும் புசல்லாவைப் பிரதேசத்துக் கோயில்களில் வைகறையிலே திருவெம்பாவை ஒலிக்கத் தொடங்குகின்றது. பனி மூடிய மலைச்சரிவுகளினூடே அவ்வோசை லயத்துக்கு லயம் எட்டுகின்றது. அப்பூசையின் நிறைவாக வருவது திருவாதிரைத் திருநாள். அதே காலத்தை ஒட்டியே நம் கிறித்தவ நண்பர்களின் நத்தார்ப் பண்டிகையும் வருகின்றது. நத்தார் அரசாங்க விடுமுறை. இந்துக்களின் தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி ஆகியனவும் அவ்வாறே. திருவாதிரை அவ்வாறன்று. அந்நாளில் வேலைநேரத்தே கோயில் செல்ல விரும்பும் தொழிலாளி, மேலாளரிடம் உத்தரவு பெற்றோ ஒருநாட் சம்பளத்தை இழந்தோதான் செல்லுதல் வேண்டும்.

இவ்விரு திருநாள்களோடும் பிணைந்த கதைகள் இரண்டு உள. ஒன்று ஆங்கில நாட்டில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதி 1843ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் வெளிவந்த ‘கிறிஸ்மஸ் கரோல்’ என்னும் சிறு நவீனம். மற்றையது சோழநாட்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றி 1861இல் அச்சேறிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’. இடையே பதினெட்டு ஆண்டுகளே. ஒருவரை மற்றவர் அறிந்தாரல்லர். எனினும் இரு நூலிலும் மையமாய் அமைந்த நிகழ்ச்சி ஒன்றே: திருநாளொன்றுக்காக வேலைக்காரன் முதலாளியிடம் உத்தரவு கேட்கின்றான்.

ஆங்கிலக் கதை பன்முறை திரைக்கு வந்ததையும், அத்திரைப்படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்தல் மேனாட்டு மாணவர்க்குப் பழகிய பயிற்சி என்பதையும் நாம் அறிவோம். நம் கதையும் பன்முறை திரைக்கு வந்ததே. அவற்றை அவ்வாறு ஒப்புநோக்கும் பழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குதற் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

மூலமும் வழிநூலும்

திரைப்படத்தை ஆராயுமுன் மூலத்தை அறிதல் முறை. நந்தனாரைத் திருநாளைப்போவார் என்று பெயர் சுட்டிப் போற்றியவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் வரலாற்றை முப்பத்தேழு செய்யுள்களில் விரித்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான். நம் நாட்டு மாணவர் பலரும் அதனை ஆறுமுகநாவலர் 1852இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் வாயிலாகவும், அதன் வழிவந்த சைவசமய பாடநூல்களின் வாயிலாகவுமே அறிந்துள்ளனர்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் எவரிடமும் கைகட்டி நிற்கும் பண்ணையாள் அல்லர். ஆதனூர்ச் சேரியிலே, பறைத்தொழிலுக்கென ஊரார் விட்ட நிலத்தைச் சீவனமாகக் கொண்டு, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வாழ்ந்தவர். அச்சேரியின் கோழிக்குஞ்சுகளையும் நாய்க்குட்டிகளையும் இரும்புக் காப்பணிந்த சிறுவரையும் புலவர் அருவருப்பின்றி, ஆர்வத்தோடு வருணிக்கின்றார். தில்லைக்குப் போக நந்தனாரைத் தடுத்தவன் எவனும் அக்காவியத்தில் இல்லை. தம் பிறப்புக் குறித்து உலகம் விதித்த எல்லையை எண்ணி அவரே தயங்குகின்றார். தயங்கி, ‘நாளைப் போவேன்’ என்று நாள் கழிக்கின்றார்.

ஆண்டையைக் கதைக்குள் கொணர்ந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் வாழ்ந்த ஆனதாண்டவபுரம் மாயூரத்தை அடுத்தது. நாற்புறமும் நெல்வயல்களும் அவ்வயல்களிற் பரம்பரை பரம்பரையாய் உழைத்த பண்ணையாட்களும் நிறைந்த நாடு அது. தாம் கண்ட பண்ணை வாழ்க்கையை அவர் பழைய கதையின்மேல் ஏற்றினார். நந்தனார் பண்ணையாள் ஆனார். அவருக்கு வேதியர் ஒருவர் ஆண்டையானார். மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல நந்தனார் உத்தரவு கேட்கின்றார். ஆண்டை மறுக்கின்றார். சேரியின் பெரிய கிழவனோ, நம் குலத்துக்குரிய தெய்வங்கள் இருக்க இது உனக்கு ஏன் என்று இடித்துரைக்கின்றான். ஈற்றில் ஆண்டை ஒரு நிபந்தனை விதிக்கின்றார்: நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர். ஆகவே நாற்பது வேலி இருநூற்றறுபது ஏக்கருக்கு மேலாகும். ஒருவனாற் செய்ய இயலாதென்று தெரிந்தே இட்ட கட்டளை அது. இறைவனின் பூதகணங்கள் ஓரிரவில் அவ்வேலையை முடித்துவிடுகின்றன. விடிந்தபின் விளைந்த வயலைக் கண்ட வேதியர் தம் பண்ணையாளின் அடியில் விழுகின்றார்.

சேக்கிழார் நூலோடு முரணுவதும் இலக்கண வழுக்கள் உள்ளதும் கருதி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் அளிக்க முதலிற் பின்வாங்கினார் என்பதும், பாரதியார் பாடக் கேட்டு உருகியபின் அளித்தார் என்பதும் தமிழறிந்தோர் கேள்விப்பட்டனவே. திருநாளைப்போவாரின் குருபூசை புரட்டாதி உரோகிணியிலே வருவது. எனினும் மக்கள் உள்ளத்தில் நந்தனார் மார்கழித் திருவாதிரையோடு ஒன்றிவிட்டமைக்குப் பாரதியாரின் பாடல்களே காரணம். திரைப்படங்கள் யாவும் பின்பற்றியதும் இவ்வழிநூலையே.

இரண்டு வாயில்கள்

ஒப்பீட்டுக்கு அளவுகோல் ஒன்று வேண்டும். அதனை மூலக்கதையிலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

நந்தனார் இரு தலங்களில் இருமுறை தடுக்கப்படுகின்றார். முதலாவது திருப்புன்கூர். அங்கே வாயிலுக்கு வெளியே நின்று தரிசிக்க முயல்பவருக்குக் குறுக்கே நந்தி படுத்திருக்கின்றது. இறைவன் நந்தியை விலகச் செய்கின்றான். அடியவர் நின்ற இடத்திலேயே நிற்கின்றார், தடை விலகுகின்றது. இரண்டாவது தில்லை. அங்கே எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து வருந்துபவரின் கனவிலே இறைவன் தோன்றி, தீயினில் மூழ்கி வருமாறு பணிக்கின்றான். தென்றிசை வாயிலின் முன் தீக்குழி அமைக்கப்படுகின்றது. அடியவர் அதனுட் புகுந்து, புண்ணிய முனிவராய் வேறு வடிவம் பெற்று வெளிவந்து, அம்பலத்திலே மறைகின்றார். இங்கே தடை நின்ற இடத்திலேயே நிற்கின்றது, அடியவர் மாறுகின்றார்.

தடை விலகுவது திருப்புன்கூர் வழி. தடுக்கப்பட்டவர் தீக்குளிப்பது தில்லை வழி. இரண்டும் ஒரே புராணத்தில், ஒரே இறைவன் அருளில் நிகழ்ந்தன. ஆயினும் பின்வந்த கலைஞர் ஒவ்வொருவரும் இவற்றுள் எதற்கு அழுத்தம் தந்தனர் என்று பார்ப்பதே நம் ஆராய்ச்சி.

ஆங்கிலக் கதையை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பாம். குமாஸ்தா பொப் கிறச்சிற்று நத்தாருக்கு ஒருநாள் கேட்கின்றான். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கொடுப்பது தன் சட்டைப்பையில் திருடுவதை ஒக்கும் என்று முணுமுணுத்தே முதலாளி ஸ்குரூஜ் இசைகின்றான். அன்றிரவு இறந்துபோன பங்காளியின் ஆவியும், அதன்பின் மூன்று ஆவிகளும் வருகின்றன. சோதனைக்கு உள்ளாகிறவன் முதலாளியே. தன் இளமையையும் நிகழ்காலத்தையும் தனக்காக எவரும் அழாத மரணத்தையும் கண்டு அஞ்சி, விடியுமுன் அவன் மாறுகின்றான். குமாஸ்தாவின் சம்பளம் உயர்கின்றது. அவனுடைய நோயாளிக் குழந்தை பிழைக்கின்றது. குமாஸ்தா எவ்வித மாற்றமும் அடையவேண்டியதில்லை. டிக்கன்ஸ் சென்றது திருப்புன்கூர் வழி என்க.

1901ஆம் ஆண்டின் மௌனப் படந்தொட்டு இக்கதை திரையிற் பல வடிவம் எடுத்துள்ளது. 1938இல் அமெரிக்கர் எடுத்த படம் இதனைக் குடும்பத்தோடு களிக்கும் இன்ப நாடகமாக்கியது. அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகளாக டிக்கன்ஸ் காட்டிய கொடுங்காட்சியை அது விட்டுவிட்டது. 1951இல் அலஸ்டெயர் சிம் நடித்த ஆங்கிலப் படமோ, இளைஞனொருவன் எவ்வாறு படிப்படியாகக் கல்நெஞ்சனானான் என்பதை மூலத்தினும் விரித்துக் காட்டியது. ஆராய்வோர் பலர் இப்பிந்திய படத்தையே உயர்த்திக் கூறுவதற்குக் காரணம் யாது? மாறுகிறவன் முதலாளி என்பதனால், அவன் உள்ளத்தை ஆழக் காட்டிய படமே கதையின் உயிரைப் பற்றியது என்பதே.

1935: பாட்டே படமானது

இனி நம் நாடகத்துக்கு வருவோம். மௌனப் படக் காலத்திலேயே நந்தனார் திரைக்கு வந்துவிட்டாரெனினும், பாடல்களால் உயிர்வாழும் கதை பேசும்படத்திலேயே முழுமை பெற முடிந்தது. 1935இல் மாணிக் லால் டாண்டன் இயக்கிய ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள், வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

சுந்தராம்பாள் நம் நாட்டாருக்கு அந்நியர் அல்லர். 1926இல் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் இணைந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையிலேதான். 1933இற் கிட்டப்பா மறைந்தபின் மேடையைத் துறந்திருந்த அம்மையாரை மீண்டும் அழைத்துவந்தது இப்படம். அதற்காக அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா என்பது அக்காலத்திற் பெரும் வியப்பாய்ப் பேசப்பட்டது.

காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக 1933–34ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் யாத்திரை செய்து முடித்திருந்த வேளை அது. நந்தனாரைச் சத்தியாக்கிரகிகளுக்கு முன்மாதிரியாக அடிகள் பலகாலும் எடுத்துக்காட்டி வந்தார். ஆகவே அக்கதைக்கு அன்று புதியதோர் உயிர் இருந்தது. ஆயினும் படம் மேடை நாடக மரபினின்றும் விலகவில்லை. ஆண்வேடத்தில் நந்தனாராய் ஒரு மாபெரும் பாடகி, ஆண்டையாய் ஒரு மாபெரும் வித்துவான் என்று எதிரெதிர் நிறுத்தியபோது, ‘உத்தரவு கொடுப்பாரா, மாட்டாரா?’ என்ற தவிப்புக்குப் பதிலாக, ‘அடுத்து யார் பாடுவார்?’ என்ற ஆவலே மேலோங்குதல் இயல்பு. எழுத்தாளர் கல்கி இப்படத்தைக் கடுமையாகவே விமரிசித்தார். பாட்டு உயர்ந்திருக்கலாம், பண்ணையாளும் ஆண்டையும் எதிர்ப்படும் காட்சி பாட்டுக் கச்சேரியானால், கதையின் கூர் மழுங்கிவிடும்.

1942: பண்பட்ட படம், பழைய தீ

ஏழாண்டுகளின் பின், எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் ‘நந்தனார்’ படத்தை வெளியிட்டது. இயக்கியவர் முருகதாசா. நந்தனார் எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் சேர்ந்தன.

முந்திய படத்தோடு ஒப்பிடுங்கால் இதன் சிறப்பு இரண்டு. முதலாவது, தேசிகரின் பாட்டு. அவர் தேவார இசை மரபில் வளர்ந்தவர். வித்துவச் சபையை நோக்கிப் பாடாமல் சந்நிதியை நோக்கிப் பாடுபவர்போல அவர் பாடுவதால், பாட்டு கதையைத் தடுத்து நிறுத்தாமல் நந்தனாரின் ஏக்கமாகவே ஒலிக்கின்றது. பின்னாளில் அவரே சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பிக்கும் பணியேற்றது நினைந்து மகிழத்தக்கது. இரண்டாவது, சாமாவின் நடிப்பு. ஈராண்டுகட்கு முன் 1940இல் ‘ஷைலாக்’ தமிழ்ப் படத்தில், ஒப்பந்தத்தைக் காட்டி இறைச்சி கேட்கும் கடன்காரனாக நடித்தவர் அவரே. அத்தகைய நடிகர் வேதியரானதால், ஆண்டை வெறும் கோபக்காரராகத் தோன்றாமல், நிபந்தனை விதிக்கத் தெரிந்த கணக்காளராகவும் தோன்றுகின்றார்.

ஆயினும் நம் அளவுகோலால் அளக்கும்போது ஒரு குறை தெரிகின்றது. 1936இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில்களை எல்லார்க்கும் திறந்துவிட்டார். 1939ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி மதுரையிலே ஏ. வைத்தியநாத ஐயர், ஒதுக்கப்பட்ட மக்கள் சிலரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அதற்குச் சட்டமும் துணைநின்றது. எவரும் தீக்குளிக்காமலே மூடிய வாயில் ஒன்று திறந்துவிட்டது. மூன்றாண்டுகளின் பின் வந்த இப்படமோ, அம்மாற்றத்தின் சாயல் கதைமுடிவிலே படாதபடி, பழைய தீயையே பழையவாறு மூட்டியது. கொட்டகையில் அமர்ந்திருந்தோர் நந்தனாருக்காகக் கண்ணீர் விட்டனர். கண்ணீர் விட்டோருள் எத்துணைப் பேர் வீடு திரும்பியதும் தம் பண்ணையாட்களை வேறு கண்கொண்டு பார்த்தனர் என்பதே எழவேண்டிய வினா. ஸ்குரூஜின் இரவைப் போன்றதோர் இரவு நம் வேதியருக்குத் திரையிலே வாய்க்கவில்லை. அவர் அற்புதத்தைக் கண்டு விழுந்தார்; தம் மனச்சாட்சியைக் கண்டு விழவில்லை.

1949: கிந்தனார்

இக்கதையை முற்றிலும் புதிய வழியில் திருப்பியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலே ‘கிந்தனார்’ என்னும் காலட்சேபம் ஒன்று இடம்பெற்றது. பாடல்களை ஆக்கியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் சரித்திரம் எந்தக் கதாகாலட்சேப வடிவிலே ஊரூராய்ப் பாடப்பட்டதோ, அதே வடிவை எடுத்து, சபையோரைச் சிரிக்கவைத்துக்கொண்டே கலைவாணர் கதையை மாற்றினார்.

நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிக்க ஏங்குகின்றான். ஊர்ப் பள்ளியிலே பிறப்புக் காரணமாகத் தடைப்பட்ட அச்சிறுவன், பட்டணம் போய்ப் படித்து, உயர்ந்த நிலையில் ஊர் திரும்புகின்றான். அம்பலம் இருந்த இடத்திலே பள்ளிக்கூடம் வந்தது. அற்புதம் இருந்த இடத்திலே கல்வி வந்தது. தீக்குழி இல்லாத நந்தனார் கதையைத் தமிழர் திரையிற் கண்டது அப்போதுதான். இஃது ஒரு படத்தினுள் வரும் சிறு பகுதியேயாயினும், முந்திய இரு முழுநீளப் படங்களும் செய்யத் துணியாததைச் செய்தது. மேலும், எள்ளல் நிறைந்த இக்கதையிலும் நந்தனார் இழிவுபடுத்தப்படவில்லை. அவர் பட்ட துயரை இன்னொரு சிறுவன் பட வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

எனினும் ஆராய்ச்சியாளர் இங்கேயும் ஒன்றை நோக்குதல் வேண்டும். கிந்தன் தன் ஊரை விட்டுப் போகவேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளியின் வாயிலில் நந்தி விலகவில்லை. அவன் படித்து மீண்டபோதே அவனுக்கு மரியாதை கிடைத்தது. படிக்கப் போகாமல் அச்சேரியிலேயே தங்கிவிட்ட மற்றைச் சிறுவரின் கதி என்ன?

இதன்பின் நாடக மேடையில் இந்திரா பார்த்தசாரதி தம் ‘நந்தன் கதை’யிலே, அத்தீயைத் தெய்வச் சோதனையாகக் காட்டாமல் மனிதர் செய்த சூழ்ச்சியாகக் காட்டினார். திரையிலோ 2024ஆம் ஆண்டில் இரா. சரவணன் இயக்கி சசிகுமார் நடித்த ‘நந்தன்’ வெளிவந்தது. இது நாயனார் வரலாறன்று. பெயரால் அதனை நினைவூட்டும் இக்காலக் கதை. ஆண்டை வீட்டிலே கேள்வியின்றி உழைக்கும் ஒருவன், ஒதுக்கீட்டின் காரணமாக ஊராட்சித் தலைவனாக நிறுத்தப்படுகின்றான். நாற்காலி அவனுக்கு, அதிகாரமோ ஆண்டைக்கு. சட்டம் வாயிலைத் திறந்துவிட்ட பின்னும், உத்தரவு கொடுப்பவன் உள்ளே வேறொருவனாய் இருத்தல் கூடும் என்பதை இப்படம் காட்டியது. பாரதியாரின் வேதியர் இன்று வேறு உடை அணிந்து வருகின்றார் எனலாம்.

மலைநாட்டில் இக்கதை

இவ்வொப்பீட்டைச் சோழநாட்டோடும் சென்னையோடும் நிறுத்திவிடுதல் நமக்குத் தகாது. நாம் வாழும் புசல்லாவையின் றொத்சைல்ட் தோட்டத்திலே சீனத் தேயிலைச் செடிகள் நடப்பட்டது 1841இல். டிக்கன்ஸ் தம் கதையை எழுதிய அக்காலத்தில் இம்மலைகளிற் கோப்பியே பெரும் பயிர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கடல் கடந்து, காடு கடந்து, கால்நடையாய் இம்மலை ஏறினர். பாரதியார் நந்தனுக்கு ஆண்டையை வகுத்த அதே காலத்தில், அத்தகைய ஆண்டைகளின் பிடியினின்றும் பஞ்சத்தினின்றும் தப்ப எண்ணியவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

தப்பி வந்த இடத்திலும் உத்தரவு அவர்களைத் தொடர்ந்தது. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்துத் துண்டு பெறாமல் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகமுடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல். ‘பேர்’ என்றும் ‘அரைப்பேர்’ என்றும் தோட்டத்தில் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். குறித்த நிறை கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். ஒருவர் செய்த வேலை அவருடைய பேராகவே கணக்கிடப்படும் உலகில், நாற்பது வேலி நிபந்தனையின் பொருளை விளக்கப் பேராசிரியர் எவரும் வேண்டியதில்லை. பெரட்டுக் களத்திற் பேர் கூப்பிடக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தானே விளங்கும்.

கோயில் வாயிலின் கதையும் நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது 1957இல். அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது. லயங்களிலும் மேலோர் கீழோர் என்ற பேதம் குடிகொண்டிருந்ததை நாம் மறுத்தல் இயலாது. துரைமாருக்கு முன் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம்; திண்ணையிலோ வரிசை பலவாயிற்று.

மாணவர் ஆராய்தற்குரிய வினாக்கள்

ஆசிரியர் எவரேனும் இக்கதையின் திரை வடிவங்களை வகுப்பிலே ஒப்பிட விரும்பின், பின்வரும் வினாக்கள் பயன்படும். இவற்றை வேறெந்தக் கதையின் திரைவடிவத்துக்கும் ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம்.

1. உத்தரவு கேட்கும் காட்சியில் ஒளிப்படக் கருவி யார் முகத்தில் அதிக நேரம் தங்குகின்றது? கேட்பவர் முகத்திலா, மறுப்பவர் முகத்திலா?

2. பாட்டு கதையை முன்செலுத்துகின்றதா, நிறுத்திவைக்கின்றதா?

3. ஓரிரவு விளைச்சல் வெறும் வியப்புக் காட்சியாக அமைந்ததா? அல்லது அந்நிபந்தனை எவ்வளவு கொடிது என்பதை அது உணர்த்துகின்றதா?

4. கதைமுடிவில் மாறியவர் யார்? மாறாதவர் யார்?

5. படம் வெளிவந்த காலத்து நாட்டு நடப்பு அப்படத்தில் எங்கே தெரிகின்றது? எங்கே மறைக்கப்பட்டது?

1942ஆம் ஆண்டுப் படம் இன்றும் பார்க்கக் கிடைப்பது. அதனையும் கிந்தனார் பகுதியையும் அடுத்தடுத்துக் கல்லூரி மண்டபத்திலே காட்டி, மேற்கூறியவாறு விவாதம் நடத்தினால், திருவாதிரைக் காலத்துக்கு அதனினும் ஏற்ற கலைவிழா வேறில்லை.

நந்தி விலகுக

புராணத்தை இவ்வாறு தொழிலாளி–முதலாளிக் கதையாகப் படித்தல் பக்திக்கு இழுக்காகாதா என்று சிலர் வினவலாம். ஆகாது என்பதே நம் துணிபு. நந்தியை விலகச் சொன்னவன் இறைவனே. அடியவனுக்கும் தனக்கும் இடையே கிடந்த தடை தன் வாகனமேயாயினும் அது விலகுதல் வேண்டும் என்று காட்டியவனை வணங்குகின்றவர், அவ்விலக்கத்தைத் தம் வாழ்விலும் செய்தல் வேண்டுமன்றோ?

ஈண்டு பழைய மாணவராகிய நமக்குச் சிறப்பாக உரியதொன்று உண்டு. நம்முள் பலர் கிந்தனைப்போல் வந்தவர். குப்பி விளக்கொளியிற் படித்து, மழையிலும் பனியிலும் மைல்கணக்காய் நடந்து, சீருடை ஒன்றையே துவைத்துத் துவைத்து உடுத்திக் கரையேறியவர். அத்துன்பத்தை நினைக்குந்தோறும் பெருமை தோன்றுவது இயல்பே. ஆனால் அப்பெருமையினூடே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. ‘நாம் தீக்குளித்தே வந்தோம், பின்வருவோரும் அவ்வாறே வரட்டும்’ என்று சொல்லத் தொடங்கினால், தில்லை வாயிலின் தீக்குழியை நாமே காவல் செய்தவர் ஆவோம்.

இன்று நம்மிற் சிலர் அதிபர், சிலர் ஆசிரியர், சிலர் தோட்ட உத்தியோகத்தர், சிலர் கடை முதலாளிகள். பிறருக்கு உத்தரவு கொடுக்கும் இடத்திலே நாமும் அமர்ந்துவிட்டோம். பரீட்சைக் கட்டணம் இன்றிப் பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் மாணவனும், தம்பியைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்ட மாணவியும், கடையில் ஒருநாள் விடுப்புக் கேட்கத் தயங்கும் பையனும் நம் முன்னே ‘நாளைப் போவேன்’ என்று நிற்கின்றனர். அவர்களுக்குத் தீயைக் காட்டுவதா, குறுக்கே கிடப்பதை விலக்குவதா என்பதைத் தீர்மானிப்பவர் நாமே. பூதகணங்கள் வந்து நாற்பது வேலியை முடித்துத் தருமென்று எவரையும் காத்திருக்கச் செய்தல் வேண்டாம். நம் கல்லூரியின் வாயிலிலேனும் நந்தி என்றும் விலகியே இருப்பதாக.